தனியுடைமை: ஒரு சொல் விளக்கம்

இணைய உலாவிக்குக் கூடுதல் திறன் தரும் செருகுநிரல்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர், ‘ஃபிளாஷ் ஒரு தனியார் தொழில்நுட்பம், எச்டிஎம்எல்5 ஒரு திறந்த தரநிலை’ என்று சலிக்காமல் எழுதிவருகின்றனர். (ஃபிளாஷ், வலைப்பக்கங்களில் அசைபடமும் காணொளியும் ஓட்டிய செருகுநிரல்; எச்டிஎம்எல்5, வலைப்பக்கங்களை எழுதும் மொழியின் ஐந்தாம் பதிப்பு.) ‘புரொப்ரைட்டரி’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் ‘தனியார்’ ஆக்கும் இவ்வழக்கம் பொருந்தாது. அச்சொல், தனக்குச் சொந்தமானது எனப் பொருள்படும் ‘புரொப்ரியஸ்’ என்னும் இலத்தீன் வேரில் பிறந்தது. பொருளுக்கு உடையவர் ஒருவர் உண்டு, அவர் இசைவின்றிப் பிறர் அதைக் கையாள இயலாது என்பது அதன் கருத்து.

தமிழிலோ ‘தனியார்’ என்றால் அரசு அல்லாதவர். ஃபிளாஷை மேக்ரோமீடியாவும், 2005இல் அந்நிறுவனத்தை வாங்கிய அடோபியும் வைத்திருந்தன. அதே வகையைச் சேர்ந்த ஆக்டிவ்எக்சும் சில்வர்லைட்டும் மைக்ரோசாஃப்ட்டுக்கு உரியவை. இவை தனியாருடையவை என்றால், எச்டிஎம்எல்5க்கு வித்திட்ட பணிக்குழுவை 2004இல் தொடங்கிய ஆப்பிள், மொசில்லா, ஓப்பரா தரப்பினர் மட்டும் எந்த அரசின் ஊழியர்? வேறுபாடு முடிவெடுக்கும் உரிமையில் இருக்கிறது. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2014இல் பரிந்துரையாக வெளியிட்ட எச்டிஎம்எல்5ஐ எவரும் தம் உலாவியில் செயற்படுத்தலாம். ஃபிளாஷ் இயக்கியை (பிளேயரை) நிறுத்தும் முடிவோ அடோபியுடையது: 2017இல் அறிவித்து, 2020 டிசம்பர் 31ஓடு ஆதரவை முடித்துக்கொண்டது.

‘மூடிய தொழில்நுட்பம்’ என்போரும் உளர். ஃபிளாஷின் எஸ்டபிள்யூஎஃப் கோப்பு வடிவத்தின் விவரக்குறிப்பு வெளியிடப்பட்டே இருந்தது. ஆயினும் அதைக் கொண்டு வேறோர் இயக்கி எழுதுவதை உரிம விதி 2008 வரை தடுத்தது. படிக்கலாம், படைக்கக் கூடாது என்ற நிலையை ‘மூடிய’ என்னும் சொல் எப்படிக் காட்டும்?

‘தனியுரிம’ என்பது நெருங்கி வருகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ‘தனியுரிமை’ என்பது அந்தரங்கம் காக்கும் உரிமைக்குப் பெயராக நிலைத்துவிட்டது; ‘தனியுரிமைச் செருகுநிரல்’ என்று படிப்பவர் அது தம்மைக் காக்கும் என்றே எண்ணுவார். ஈற்றிலுள்ள ஐகாரம் ஒன்றே இரண்டையும் பிரிக்கும் என்று வாதிடுவோர், தம் கட்டுரைகளிலேயே அதை மாற்றி மாற்றி எழுதுகின்றனர். உலாவியின் நினைவிகளை (குக்கிகளை) அழித்த பின்னும் தன் நினைவிகளைத் தனியே வைத்துப் பயனரைப் பின்தொடர வழிவிட்ட ஃபிளாஷுக்கா இப்பெயர்!

ஆகவே ‘தனியுடைமை’ என்பதே என் தேர்வு. உடையவர் இருப்பதை அது நேராகச் சொல்கிறது. ‘தனியுடைமைச் செருகுநிரல்’ என்று இயல்பாகப் புணரவும் செய்கிறது. பொதுவுடைமையை நினைவூட்டி அரசியல் வாடை வீசும் என்பது சிலர் கவலை. எதிர்ச்சொல்லைத் தானே அழைத்துவரும் சொல்லை அதற்காகத் தள்ளுவது வீண்.

சொற்பட்டியலைப் பார்த்து ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள் ‘திறந்த தரநிலை’யையும் விட்டுவைப்பதில்லை, அதைத் ‘திறமூலம்’ (ஓப்பன் சோர்ஸ்) என்கின்றனர். தரநிலை என்பது ஆவணம், மூலம் என்பது நிரல். மைக்ரோசாஃப்ட்டின் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தன் மூல நிரலைத் திறக்காமலேயே 9ஆம் பதிப்பில் எஸ்விஜி என்னும் வரைபடத் தரநிலையை ஏற்றுக்கொண்டது.