ஒரே சேனல், வேறு வேறு ஆட்டம்: அமெரிக்கக் கால்பந்தைப் பங்கு போடும் வரைபடம்

"நானும் மில்வாக்கியில் இருக்கும் என் தங்கையும் ஞாயிறு மதியம் சிபிஎஸ்தான் பார்க்கிறோம். எனக்கு ஒரு ஆட்டம் வருகிறது, அவளுக்கு வேறொன்று. ஏன்?" என்று மேரிலாந்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்.

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள். ஞாயிறு பகல் ஆட்டங்கள் பெரும்பாலும் சிபிஎஸ், ஃபாக்ஸ் என்ற இரண்டு டிவி நெட்வொர்க்குகளுக்கும் பிரிகின்றன. கிழக்கு நேரப்படி மதியம் 1 மணிக்கு ஒரு நெட்வொர்க்கின் கையில் ஐந்தாறு ஆட்டங்கள் இருக்கலாம். ஆனால் நெட்வொர்க்குக்கு ஊருக்கு ஊர் தனி நிலையம். ஒரு நிலையம் ஒரு நேரத்தில் ஓர் ஆட்டத்தைத்தான் காட்டும்.

எந்த வீடு எந்த நிலையத்துக்குச் சொந்தம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் நாட்டை 210 சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) மக்கள் எந்த ஊர் நிலையங்களை அதிகம் பார்க்கிறார்களோ, அந்தச் சந்தையில் அந்தக் கவுன்டி சேரும். மாநில எல்லையை இது மதிப்பதில்லை: கனெக்டிகட்டின் ஃபேர்ஃபீல்ட் பகுதி நியூயார்க் சந்தையில் இருக்கிறது. விளம்பரக் கட்டணம் பேச உருவான இந்த வரைபடத்தைத்தான் கேபிளும் சாட்டிலைட்டும் பின்பற்றுகின்றன.

சந்தை தெரிந்தால் மீதி எளிது. உள்ளூர் அணியின் ஆட்டம் அந்த நிலையத்தின் நெட்வொர்க்கில் இருந்தால் அதைக் காட்டியே ஆக வேண்டும். மைதானத்திலிருந்து 75 மைல் வட்டம் தொடும் பக்கத்துச் சந்தைகள், அந்த அணி வெளியூரில் ஆடும் ஆட்டங்களைக் காட்ட வேண்டும். கட்டாயம் இல்லாத இடங்களில் நெட்வொர்க் முடிவு செய்யும். நிலையம் வேறு ஆட்டம் கேட்டுப் பார்க்கலாம். பேக்கர்ஸ் அணியின் ஊரான கிரீன் பே மில்வாக்கியிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர். ஆனாலும் அந்த அணி 1994 வரை சில சொந்த ஆட்டங்களை மில்வாக்கியில் ஆடியதால் மில்வாக்கியும் அவர்களின் சொந்தச் சந்தை. தங்கை வீட்டில் பேக்கர்ஸ் வருவது அதனால்தான்.

கேபிளுக்கோ இணையத்துக்கோ விற்ற ஆட்டங்களும் ஆடும் இரு அணிகளின் ஊர்களில் சாதாரண டிவியில் வரும். 2024 ஜனவரியில் என்பிசி நெட்வொர்க்கின் இணையச் சேவையான பீகாக் மட்டும் காட்டிய மயாமி–கேன்சஸ் சிட்டி ஆட்டத்தை அவ்விரு ஊர்களிலும் என்பிசி நிலையங்கள் ஒளிபரப்பின. இது நல்ல ஏற்பாடு. அணிகள் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டாக விற்க, ஏகபோகத் தடுப்புச் சட்டங்களிலிருந்து 1961 சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது. பதிலுக்கு இலவச ஒளிபரப்பை மக்கள் எதிர்பார்ப்பது நியாயம்தான்.

வாசகர் மேரிலாந்தின் ஹவர்ட் கவுன்டியில் இருந்தால் வேறு ஆட்டம் பார்க்க இன்னொரு வழி உண்டு. அது பால்டிமோர் சந்தை, ஆனால் வாஷிங்டன் சிக்னலும் எட்டும். ஆன்டெனாவோ சந்தை வரைபடத்தைப் பார்ப்பதில்லை. பால்டிமோர் சிபிஎஸ் சேனல் 13, வாஷிங்டன் சிபிஎஸ் சேனல் 9. இரண்டும் விஎச்எஃப் எனும் நீள அலைவரிசையில் வருவதால், யுஎச்எஃப் எனும் குட்டை அலைக்கென்றே செய்த சின்னத் தட்டை ஆன்டெனா திணறும். நீளக் கம்பிகள் உள்ளதை மாடியிலோ கூரையிலோ வையுங்கள். பால்டிமோர் வடகிழக்கு, வாஷிங்டன் தென்மேற்கு. திருப்பியதும் சேனல் ஸ்கேன் மறுபடி ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் புது நிலையம் பட்டியலில் வராது.

யூடியூப் டிவி போன்ற இணைய டிவி சேவைகள் இருப்பிடத்தைப் பார்த்தே நிலையம் தருகின்றன. டிவியில் தவறான ஊர் வந்தால் முதலில் இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன்னை அணையுங்கள். பிறகு போனில் இருப்பிட அனுமதி கொடுத்துப் பகுதியைப் புதுப்பியுங்கள்.