உளவியல் சிகிச்சையில் முறைகளைக் கலப்பது எதற்காக, எப்போது?

பேனிக் அட்டாக் (திடீரென்று எழும் கடும் பீதி) என்ற ஒரே பெயருடன் வரும் இருவருக்கு, உளவியல் சிகிச்சையாளரான நான் ஒரே சிகிச்சையைத் தருவதில்லை. (இங்கே குறிப்பிடும் நிலைமைகள், பலருடைய அனுபவங்களைச் சேர்த்து, எவரையும் அடையாளம் காண முடியாதபடி எழுதப்பட்டவை.) முதலாமவர், நெஞ்சு படபடத்தால் மாரடைப்பு என்றே நம்புகிறவர், இ.சி.ஜி. பலமுறை சரியாக இருந்தும், தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் இல்லாமல் பேருந்து ஏறாதவர். அவருடைய அச்சத்தை உயிரோடு வைத்திருப்பது, உடல் உணர்வுகளுக்கு அவர் கொடுக்கும் பொருளும் அந்தத் தற்காப்புப் பழக்கங்களுமே. ஆகவே அவரை நின்ற இடத்தில் ஓடவைத்தும், நாற்காலியில் சுழலவைத்தும் அதே படபடப்பையும் தலைச்சுற்றலையும் வரவழைத்து, அவை ஆபத்தில்லாதவை என்பதை அவரே கண்டறியச் செய்யும் சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) முறையே பெரும்பாலும் போதுமானதாக இருக்கும்.

இரண்டாமவருக்கு இந்தத் தாக்கம் தந்தை இறந்த சில மாதங்களில் தொடங்கியது. காரியங்கள் அனைத்தையும் முன்னின்று நடத்திய அவர் அழுவதற்கே நேரம் ஒதுக்கவில்லை. அவருக்கும் முதல் சில வாரங்கள் சிபிடிதான், ஏனெனில் வீட்டை விட்டு வெளியே வர முடியாதவரிடம் துக்கத்தைப் பேசச் சொல்வதில் பயனில்லை; வெளியே வரத் தொடங்கிய பிறகு, இழப்பையும் உறவுகளையும் மையமாகக் கொண்ட உரையாடலுக்கு நகர்வோம். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையே பல நேரங்களில் கலப்பின் பெரும்பகுதி.

ஒரு நுட்பத்தைப் பயன்படுத்துவதற்கு, அது பிறந்த கோட்பாடு முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை என்று உளவியலாளர் ஆர்னால்டு லாசரஸ் 1967-லேயே வாதிட்டார். உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கி 1993-இல் நூலாக்கிய டிபிடி (கட்டுக்கடங்காத உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் சிகிச்சை) முறையும், நடத்தைச் சிகிச்சையோடு ஜென் மரபின் ஏற்புணர்வைச் சேர்த்த ஒரு கலவையே. எனவே கலப்பது புதிதும் அல்ல, ஒழுங்கீனமும் அல்ல. ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய பயிற்சியைக் கையில் கொடுத்து அனுப்புவதைத்தான் நான் ஒழுங்கீனம் என்பேன். பிரச்சினையைத் தொடரச் செய்வது எது என்ற கணிப்பு இல்லாமல் கலந்தால் அது குழப்பமாகவே முடியும்.

கலக்கவே கூடாத இடங்களும் உண்டு. ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில், அசுத்தம் என்று அஞ்சும் பொருளைத் தொடவிட்டு, கை கழுவுவதைத் தவிர்க்கப் பழக்கும் ஈ.ஆர்.பி. முறை நன்கு சோதிக்கப்பட்டது. அந்தப் பயிற்சியின் நடுவே இரக்கத்தால் "ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்" என்று சிகிச்சையாளர் ஆறுதல் சொன்னால், அந்த ஆறுதலே கை கழுவுவதன் வேலையைச் செய்துவிடும். அடுத்த வாரம் நோயாளி அந்த ஆறுதலையே மறுபடி கேட்க வருவார். வீட்டில் அம்மாவிடம் நாள் முழுவதும் "சுத்தமாக இருக்கிறதா?" என்று கேட்கும் இளைஞருக்குக் குடும்ப அமர்வு தேவைதான், ஆனால் அது அம்மா பதில் சொல்வதைப் படிப்படியாகக் குறைப்பதற்கான அமர்வு. நோயின் பெயர் ஒன்றே என்றாலும் வீட்டுக்கு வீடு ஈ.ஆர்.பி.யின் வேகம் மாறும், அடிப்படை மாறாது.

ஆளுக்கு ஏற்ப மாற்றுவதில் சிறிய விஷயங்களும் அடக்கம். எண்ணங்களைத் தாளில் எழுதிவரச் சொன்னால் தயங்கும் ஒருவர், அவற்றையே கைபேசியில் பேசிப் பதிவு செய்துகொண்டு வருவார். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழியில் அறிவுரை கூறாமல் கேட்டுக்கொண்டிருந்தால், "நீங்கள் எதுவுமே சொல்லவில்லையே, டாக்டர்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். (நான் மருத்துவர் அல்ல என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன், மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் பணி. இருதுருவ மனநோய், மனச்சிதைவு போன்றவற்றில் அவருடைய சிகிச்சையை விட்டுவிட்டுப் பேச்சுச் சிகிச்சையை மட்டும் நம்பக் கூடாது.)

சிகிச்சையின் இலக்கு, செய்ய வேண்டிய பணி, இருவருக்கும் இடையிலான பிணைப்பு ஆகிய மூன்றிலும் உடன்பாடு வேண்டும் என்று உளவியலாளர் எட்வர்டு போர்டின் 1979-இல் எழுதினார். அதனால், இந்த முறையை எனக்கு ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள், மாற்றம் தெரியாவிட்டால் என்ன செய்வோம் என்று தயங்காமல் கேளுங்கள். மனச்சோர்வுக்கு, 0 முதல் 27 வரை மதிப்பெண் தரும் பி.எச்.க்யூ.-9 போன்ற எளிய வினாப்பட்டியலைச் சில வாரங்களுக்கு ஒருமுறை நிரப்பினாலே போக்கு தெரிந்துவிடும். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதும் உங்கள் உரிமையே. யாரிடம் போவது என்று தெரியாத நிலையில், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.