தொட்டி ஆமைக்குக் குளம் வேண்டும், ஆனால் எந்தக் குளம்?

மீன் தொட்டி விற்கும் கடைகளில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கும் பச்சை ஆமைக்குட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருந்தால் அது செங்காது ஆமை. கடையில் ‘ரெட் இயர் ஸ்லைடர்’ என்பார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் அதை ஒட்டிய பகுதிகளும்தான் அதன் சொந்த ஊர். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டி மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். அதோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் தொட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தக் குட்டி வளர்ந்து பெண்ணாக இருந்தால் அதன் ஓடு 25 சென்டிமீட்டரைத் தாண்டலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். நாலைந்து வருடத்தில் தொட்டி போதாது, தண்ணீர் நாறும், பிள்ளைகளுக்கும் ஆர்வம் போயிருக்கும். அப்போது யாராவது சொல்வார்கள்: “பாவம், கோயில் குளத்தில் விட்டுடுங்க, அதுபாட்டுக்கு நிம்மதியா இருக்கும்.”

இந்த யோசனையில் பாதி சரி. வளர்ந்த ஆமைக்குக் குளம் உண்மையிலேயே தேவை. ஆனால் அது நீங்கள் கட்டி, வேலி போட்டு, தினமும் பார்த்துக்கொள்ளும் குளமாக இருக்க வேண்டும். ஏன் என்பது அதன் உடம்பு வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

வெயிலில் என்ன நடக்கிறது?

ஆமையின் ஓடு அதன் எலும்புக்கூட்டின் ஒரு பகுதி. விலா எலும்புகளும் முதுகெலும்பும் அகன்று, இணைந்து உருவானதுதான் மேலோடு. ஓடு வளர வேண்டுமானால் கால்சியம் வேண்டும். தின்ற கால்சியம் குடலிலிருந்து ரத்தத்தில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அந்த டி3-ஐ ஆமை தன் தோலிலேயே தயாரித்துக்கொள்கிறது. தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளின் மேல் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புறஊதா பி கதிர் படும்போது அது டி3-இன் முன்வடிவமாக மாறும். உடம்புச் சூட்டில் அது டி3 ஆகும். பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதை உடம்பு பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவரும்.

ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால் ஹாலில், வெளிச்சம் நன்றாக வரும் ஜன்னலோரம் தொட்டியை வைத்திருந்தாலும் ஆமைக்கு வெயில் கிடைத்ததாக ஆகாது. டி3 குறைந்தால் ரத்தத்தில் கால்சியம் குறையும். அதை ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் ஓடு உள்ளே அமுங்கும், ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும், பின்னங்கால்கள் தளர்ந்துபோகும். தொட்டியில் வளரும் ஆமைகளுக்கு அடிக்கடி வரும் நோய்களில் இதுவும் ஒன்று. வெட்டவெளியில் வெயில் படும் குளம் இருந்தால் இந்த நோய் வராமல் பெருமளவு தடுக்கலாம்.

வெயில் காயும் ஆமையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது எவ்வளவு மும்முரமாக இந்த வேலையைச் செய்கிறது என்பது தெரியும். கட்டைமேல் ஏறியதும் கழுத்தை முழுவதுமாக வெளியே நீட்டும். பின்னங்கால்கள் இரண்டையும் பின்னால் நீட்டி, விரல்களை விரிக்கும். விரல்களுக்கு நடுவிலுள்ள சவ்வு ஒளி ஊடுருவும் அளவுக்கு விரிந்து நிற்கும். வெயில் படும் பரப்பை முடிந்த மட்டும் கூட்டிக்கொள்கிறது. ஓடு நன்றாகக் காய்ந்ததும், மேலோட்டின் தகடுகளிலிருந்து மெல்லிய, கண்ணாடி போன்ற படலம் ஓரத்தில் கிளம்பி உரிந்து விழும். வளரும் ஆமைக்கு இது சாதாரணம். எப்போதும் ஈரத்திலேயே கிடக்கும் ஆமைக்குப் பழைய தகடு சரியாக உரியாது. அதன் அடியில் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து ஓடு அழுகத் தொடங்கும்.

வெயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆமை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்க முடியாத பிராணி. செரிமானம், நோய் எதிர்ப்பு, முட்டை வளர்ச்சி எல்லாமே வெளியிலிருந்து வாங்கும் சூட்டில்தான் நடக்கும். வெயில் காயும் இடம் கிடைக்காத ஆமை எவ்வளவு தின்றாலும் தேறாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒரு விஷயத்துக்கு இது தேவைப்படும்.

குளத்தைக் கட்டுவது

சென்னை மாதிரி ஊரில் சூடு குறைவது பிரச்சினையே இல்லை, கூடுவதுதான் பிரச்சினை. ஓரடி ஆழத் தொட்டியில் சித்திரை, வைகாசி வெயில் நாள் முழுவதும் அடித்தால் தண்ணீர் கொதிக்காத குறைதான். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே செங்காது ஆமையின் உயிருக்கு ஆபத்து. எனவே குளத்தின் ஒரு பகுதியாவது இரண்டரை அடி ஆழம் இருக்கட்டும். அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக இருக்கும், ஆமை தேவைப்படும்போது கீழே போய்விடும். பாதிக் குளத்துக்கு நிழல், பாதிக்கு நேர் வெயில். ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்றால் சுமார் 1,700 லிட்டர் பிடிக்கும். ஓரிரு ஆமைகளுக்கு அது தாராளம்.

புதிய சிமெண்ட் குளத்தில் உடனே ஆமையை விடக்கூடாது. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். கண்ணும் தோலும் எரியும். தண்ணீரை நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, இறைத்து, மறுபடி நிரப்பி என்று பலமுறை செய்ய வேண்டும். மீன் வளர்ப்பவர்கள் வாழைத்தண்டை வெட்டிப்போட்டு ஊறவைப்பார்கள். அது அழுகும்போது வரும் அமிலம் சுண்ணாம்பின் காரத்தைக் குறைக்கும். அப்புறம் அந்தத் தண்ணீரையும் இறைத்துவிட வேண்டும்.

அடுத்தது கழிவு. ஆமை நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், நைட்ரேட்டைச் செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் வடிகட்டியின் கற்களிலும் பஞ்சிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் குளம் தயாரான பிறகு ஒரு மாதமாவது பொறுங்கள். குளத்தைப் பளிச்சென்று வைக்க வேண்டும் என்று வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுபவர்கள் அந்த நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கழுவி விடுகிறார்கள். அல்லியும் பாசியும் போட்டால் ஆமை தின்றுவிடும். பரவாயில்லை, வளர்ந்த ஆமையின் உணவில் செடிகொடி நிறைய இருக்க வேண்டும். குட்டியாக இருக்கும்போதுதான் பூச்சி, புழு, மீன் என்று மாமிசம் அதிகம் தேடும்.

கரையேறச் சாய்தளம் கட்டாயம். தொட்டியில் நாலு அங்குலத் தண்ணீரிலேயே வளர்க்கப்பட்டு வந்த ஆமைக்கு நெடுநேரம் நீந்தும் தெம்பு இருக்காது. பிடித்து ஏற வழியில்லாத செங்குத்துச் சுவர்க் குளத்தில் ஆமையும் மூழ்கிச் சாகும்.

இடம் மாற்றும்போது

நோயுள்ள ஆமையைக் குளத்தில் விடாதீர்கள். அது எப்படி நீந்துகிறது என்று முதலில் பாருங்கள். நுரையீரல்கள் மேலோட்டுக்கு அடியில் இரு பக்கமும் இருக்கின்றன. மிதப்பதற்கும் அவையே காரணம். ஒரு பக்க நுரையீரலில் சளி கட்டினால் அந்தப் பக்கம் கனத்து, ஆமை சாய்ந்து நீந்தும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, வீங்கி மூடிய கண் எல்லாமே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள்.

சமவெளியில் தை, மாசி நல்ல காலம். முதலில் ஓரிரு வாரம், பகலில் சில மணி நேரம் மட்டும் வெளியே ஒரு அகன்ற டப்பில், பாதி நிழலில் வைத்துப் பழக்குங்கள். தொட்டித் தண்ணீரின் சூடும் குளத்துத் தண்ணீரின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் நேரத்தில் குளத்துக்கு மாற்றுங்கள். முதல் சில நாள் ஒளிந்துகொள்ளும், தின்னாது. பயப்பட வேண்டாம். குளத்தில் ஏற்கெனவே வேறு ஆமை இருந்தால், புதியதை இரண்டு மூன்று மாதம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். ஆமையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் பழகட்டும். ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். குழந்தைகளுக்கு அதனால் நோய் பரவியதால்தான் அமெரிக்கா, நாலு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை 1975-ல் தடை செய்தது.

இனி வேலி. பெண் ஆமை ஆணே இல்லாவிட்டாலும் முட்டையிடும். முட்டையிட மண் தேடி வெகுதூரம் நடக்கும். தோண்ட இடமே கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். எனவே கரையில் ஓரடி ஆழத்துக்கு மணல் திட்டு வேண்டும். சுற்றிலும் ஒன்றரை அடி உயரத்துக்கு வழுவழுப்பான சுவர், மண்ணுக்குள்ளும் ஓரடி இறங்கியிருக்க வேண்டும். மூலைகளில்தான் ஆமைகள் உந்தி ஏறித் தப்பிக்கும். அங்கே உட்புறமாக நீட்டிய மூடி போடுங்கள். நாய், கீரி, காகம் வராமல் வலையும் தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பி வழிந்தால் ஆமை வடிகாலுக்குப் போய், அங்கிருந்து ஏரிக்குப் போய்விடும். அதனால் வழியும் குழாய்க்குக் கம்பிவலை அவசியம்.

கருத்தரித்த முட்டையாக இருந்தால், மண்ணின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும். சுமார் 29 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் ஆண், மேலே பெரும்பாலும் பெண். நம் ஊர் வெயில் மண்ணில் பெண் குஞ்சுகள்தான் அதிகம் வர வாய்ப்பு. ஒரு பெண் ஆமை ஒரே ஆண்டில் பலமுறை முட்டையிடும். குஞ்சு பொரிக்காமல் இருக்க, முட்டைகளைக் கண்டவுடன் எடுத்து உறையவைத்து விடுவதே சரி.

கோயில் குளத்தில் விட்டால் என்ன?

ஐரோப்பியக் குளத்து ஆமைகளையும் செங்காது ஆமைகளையும் பிரான்சில் ஒரே குளத்தில் வைத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2003, 2004-ல் வெளிவந்தன. வெயில் காயும் நல்ல இடங்களைச் செங்காது ஆமைகள் பிடித்துக்கொண்டன. உள்ளூர் ஆமைகள் எடை குறைந்தன, நிறைய இறந்தும் போயின. வெயில் இழந்த ஆமைக்கு என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே, அதேதான். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக நீர்நிலையிலிருந்து 177 செங்காது ஆமைகளை அகற்றியபோது, அங்கிருந்த உள்ளூர் ஆமைகள் எடை கூடின. ஐரோப்பிய ஒன்றியம் 1997-ல் இவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. இந்தியாவிலும் இவை வெளியே வந்துவிட்டன. 2020-ல் குவஹாத்தியின் உக்ரதாரா கோயில் குளத்தில் இவை காணப்பட்டன. திருச்சூரில் ஒரு கால்வாயிலும் கிடைத்திருக்கின்றன.

நம் குளங்களில் பால் ஆமை இருக்கிறது. கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து, மழை வரும் வரை கிடக்கத் தெரிந்த ஆமை அது. செங்காது ஆமை அப்படி வளர்ந்ததில்லை. தண்ணீர் தேடித் தரையில் நடந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும், நோய்க்கிருமிகளையும் கொண்டுபோகும். படித்துறை சூழ்ந்த கோயில் குளத்தில் முட்டையிட மண்ணும் இல்லை, அங்கேயும் அதற்கு நிம்மதி கிடைக்காது. புண்ணியம் என்று நினைத்துச் செய்யும் இந்தக் காரியம் இரண்டு ஆமைகளுக்கும் கெடுதல் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. பால் ஆமையையோ நட்சத்திர ஆமையையோ பிடித்துவந்து உங்கள் குளத்தில் துணைக்கு விடுவதும் கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வைத்திருப்பதே குற்றம்.

குளம் கட்ட இடம் இல்லையென்றால், வேலி போட்ட குளம் வைத்திருக்கும் இன்னொருவரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வனத்துறை அலுவலகத்திலோ உயிரியல் பூங்காவிலோ, யார் ஏற்றுக்கொள்வார்கள் என்று விசாரியுங்கள். கொடுக்கும்போது வயது, தின்னும் தீனி, வந்த நோய்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். முன்னங்கால் நகங்கள் நீளமாக, வால் தடியாக இருந்தால் ஆண். பெண் என்றால் ஆணோடு சேர்ந்து வளர்ந்ததா என்பதையும் சொல்லிவிடுங்கள். பெண் ஆமைகள் விந்தணுவை நெடுங்காலம் உடம்பிலேயே சேமித்து வைக்கும். தனியாக வந்த ஆமை இட்ட முட்டையிலிருந்தும் குஞ்சு வரலாம்.