இரண்டு நிற பிஸ்கட்டும் வேகாத மாவும்
நத்தார் நெருங்கினால் பாலையூற்றுப் பக்கத்து வீடுகளில் கேக்குக்கு மட்டுமல்ல, கட்டம் போட்ட, சுருள் போட்ட கறுப்பு வெள்ளை பிஸ்கட்டுக்கும் இப்போது ஓவன் சூடேறுகிறது. சந்தோஷம்தான். ஆனால் வயிற்றோட்டத்தோடு பிள்ளையைக் கொண்டுவரும் தாய்மாரிடம், வேகாத மாவைத் தின்றானா என்று கேட்டால், “முட்டையே போடேல்ல டொக்டர், வெறும் மாதானே” என்பார்கள்.

அந்த வெறும் மாவிலும் கிருமி இருக்கலாம். வயலிலிருந்து பைக்கு வரும்வரை கிருமி சாகிற அளவுக்குக் கோதுமை மாவை யாரும் சூடாக்குவதில்லை. 2015 கடைசியில் தொடங்கி 2016 வரை அமெரிக்காவில் மாவால் பரவிய ஈ.கோலை என்ற கிருமித் தொற்றில் 63 பேர் நோயானார்கள், உணவகத்தில் பச்சை மாவை வைத்து விளையாடிய பிள்ளைகளும் அதில் உண்டு. பெரும்பாலும் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் இது வேலையைக் காட்டும், அதற்குள் பிஸ்கட் முடிந்துவிடும், பழி புரியாணி மேல் விழும்.

சாதாரண பிஸ்கட்டை விட இதில் கை படுவது அதிகம். இரண்டு மா பிசைந்து, ஒன்றில் கொக்கோ கலந்து, உருட்டி, கீற்றாக வெட்டி, முட்டை வெள்ளை தடவி ஒட்டி, ஓரம் சீவி... அந்தச் சீவல்தான் நேரே பிள்ளைகளின் வாய்க்குப் போகிறது. அதை வீசவும் வேண்டாம், இரண்டு நிறத்தையும் சேர்த்து உருட்டித் தட்டினால் அதுவும் வரி வரியாக ஒரு பிஸ்கட். ஒட்டுவதற்குக் காய்ச்சி ஆறிய பாலே போதும்.

மழைக்காலத்திலும் நம்மூர்ப் புழுக்கத்துக்குப் பட்டர் இளகிக் கோடு கலைந்துவிடும். அதனால் ஒன்றை வெட்டும்போது மற்றது பிரிட்ஜில் இருக்கட்டும், ஒட்டிய கட்டியையும் அரை மணி நேரமாவது இறுகவிட்டு 5 மில்லிமீட்டர் தடிப்பில் வெட்டுங்கள். குளிர் கிருமியைப் பெருகவிடாமல் மந்தப்படுத்தும், கொல்லாது. கரண்ட் போய் மணிக்கணக்காக வராவிட்டால் அந்த மாவை மறந்துவிடுங்கள். மாவைச் சட்டியில் வறுத்துவிட்டால் பச்சையாகத் தின்னலாம் என்பதையும் நான் நம்பச் சொல்லமாட்டேன், காய்ந்த மாவிலுள்ள கிருமி சூட்டை நன்றாகவே தாங்கும்.

ஓவன் 175 பாகை செல்சியஸ், 10 முதல் 12 நிமிடம். கறுப்புப் பக்கம் வெந்ததா என்று நிறத்தில் தெரியாது, வெள்ளை ஓரம் பொன்னிறமாகிறதா என்று பாருங்கள்.

அப்புறமும் வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத் தூள்) கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம் கண்டால் வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை எதுவும் கொடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.