பழைய பக்கம் சொன்ன கட்டளை: மென்பொருள் ஆவணத் தளங்களைப் பராமரிப்பது குறித்து

சில ஆண்டுகளுக்கு முன், நான் ஆவணப் பொறுப்பை ஏற்றிருந்த ஒரு திறமூல மென்பொருளின் பயனர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். காப்புப் பிரதியிலிருந்து தரவுத்தளத்தை மீட்க முயன்று, அரைநாள் பதிவுகளை அவர் இழந்திருந்தார். "உங்கள் ஆவணத்தில் உள்ளபடியேதான் செய்தேன்" என்று எழுதி, தாம் படித்த பக்கத்தின் முகவரியையும் கொடுத்திருந்தார். அவர் சொன்னது உண்மை. அந்தப் பக்கம் இரண்டாம் பதிப்புக்காக எழுதப்பட்டது. அப்போது மீட்புக் கட்டளை புதிதாக ஒரு தரவுத்தளத்தை உருவாக்கி, பிரதியை அதில் இறக்கும். மூன்றாம் பதிப்பில் அதே கட்டளை, பயன்பாட்டில் இருக்கும் தரவுத்தளத்தின் மேலேயே எழுதும்படி மாறிவிட்டது. புதிய பக்கத்தில் இதை எச்சரிக்கையோடு விளக்கியிருந்தோம். ஆனால் தேடுபொறி முதலில் காட்டியது பழைய பக்கத்தை. அது பழையது என்று சொல்லும் ஒரு வரிகூட அதில் இல்லை.

ஆவணம் இல்லாத மென்பொருளைக் கையாளும்போது எவரும் தயங்குவார்கள்; தெரிந்தவரைக் கேட்பார்கள், சோதனைக் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். ஆவணம் இருக்கும் இடத்தில் அந்தத் தயக்கம் விலகிவிடுகிறது. அதை விலக்குவதற்காகத்தான் நாமும் எழுதுகிறோம். அதனால்தான் காலாவதியான பக்கத்தை, இல்லாத பக்கத்தைவிட ஆபத்தானதாக நான் கருதுகிறேன். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2017இல் நடத்திய திறமூலக் கருத்தாய்வில், முழுமையற்ற அல்லது காலாவதியான ஆவணங்களைத் தாங்கள் எதிர்கொண்டதாக 93 விழுக்காட்டினர் கூறினர். ஆவணங்களுக்கு அரிதாகவே பங்களிக்கிறோம் அல்லது பங்களிப்பதே இல்லை என்று 60 விழுக்காட்டுப் பங்களிப்பாளர்கள் அதே ஆய்வில் ஒப்புக்கொண்டனர்.

தளத்தைக் கட்டுவது இன்று கடினமான வேலை இல்லை. லேடெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு முறையில் எழுதப்பட்டிருந்த, பைத்தான் நிரல்மொழியின் ஆவணங்களை எழுதுவதை எளிமையாக்குவதற்காக கியார்க் பிராண்டல் உருவாக்கி 2008இல் வெளியிட்ட ஸ்ஃபின்க்ஸ் கருவியும், மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் எழுதிய கோப்புகளிலிருந்து தளம் அமைக்கும் எம்கேடாக்ஸ், டாக்குசாரஸ் போன்ற கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. 2010இல் தொடங்கப்பட்ட ரீட் த டாக்ஸ் சேவை, மூலநிரலில் மாற்றம் சேர்ந்தவுடன் தளத்தைத் தானாகவே மறுபடி கட்டிவிடும். ஓர் ஆர்வலர் இரண்டு நாளில் அழகான தளத்தை எழுப்பிவிடலாம். சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது: ஒவ்வொரு வெளியீட்டின்போதும் ஆவணங்களின் புதிய நகல் ஒன்று தளத்தில் சேர்கிறது, பழையவை அப்படியே நிற்கின்றன. பழைய பக்கங்களுக்குப் பிற தளங்கள் பல ஆண்டுகளாக இணைப்புக் கொடுத்திருப்பதால், தேடலில் அவையே மேலே வருகின்றன.

இந்தச் சிக்கலைப் பைத்தான் திட்டம் கையாண்ட முறையை நான் பலருக்கும் எடுத்துக்காட்டுவது உண்டு. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. அதன் ஆவணங்களை அவர்கள் நீக்கவில்லை, ஏனெனில் பழைய நிரலைக் காத்துவரும் பலருக்கு அவை இன்றும் தேவை. மாறாக, இப்பதிப்புக்கு இனி ஆதரவில்லை என்ற அறிவிப்பைப் பழைய பக்கங்களின் தலையில் பதித்து, நடப்புப் பதிப்பின் ஆவணத்துக்கு இணைப்புக் கொடுத்தார்கள். முகவரியில் '3' என்று மட்டும் இருந்தால் அது எப்போதும் நடப்பு நிலைப்பதிப்பைக் காட்டும், '3.8' என்று இருந்தால் அந்தப் பதிப்பையே காட்டும். இதற்குத் துணையாக, 2009இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட கெனானிகல் குறி ஒன்று உண்டு. ஒரே செய்தி பல முகவரிகளில் இருக்கும்போது எது முதன்மையானது என்று தேடுபொறிக்கு அது தெரிவிக்கும். எங்கள் பழைய பக்கங்களில் அந்தக் குறியும் இல்லை, அறிவிப்பும் இல்லை. இரண்டையும் சேர்க்க எங்களுக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. அந்தப் பிற்பகலை முன்பே ஒதுக்கியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பக்கங்களை இடம் மாற்றி அடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். முகவரி மாறினால் பழைய முகவரியிலிருந்து 301 வழிமாற்றை, அதாவது வருபவரைப் புதிய முகவரிக்குத் தானாகவே அனுப்பும் ஏற்பாட்டை, அமைக்க வேண்டும். நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே வலியுறுத்தினார். மென்பொருள் ஆவணத்தில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் பிழைச்செய்திக்குள்ளேயே 'மேலும் அறிய' என்று ஆவண முகவரியை நாம் எழுதிவிடுகிறோம். அந்தச் செய்தி ஏற்கெனவே பயனர்களின் கணினிகளில் நிறுவப்பட்டுவிட்டது. நாம் நினைத்தாலும் அதைத் திருத்த முடியாது. ஏதோ ஒன்று பழுதாகிப் பதற்றத்தோடு அந்த இணைப்பைச் சொடுக்குபவருக்கு 'பக்கம் இல்லை' என்னும் 404 பக்கத்தைக் காட்டுவது கொடுமை.

எழுத்தில் இருக்கும் கட்டளை உண்மையில் ஓடுகிறதா என்பதை மனிதக் கண் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருக்க இயலாது. அதை எந்திரத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். ரஸ்ட் நிரல்மொழியில் நிரலோடு எழுதப்படும் ஆவண எடுத்துக்காட்டுகள், சோதனைகளை ஓட்டும்போது தாமும் சேர்ந்து ஓடுகின்றன. ஓர் எடுத்துக்காட்டு உடைந்தால் சோதனையும் தோற்கும். பைத்தானில் டாக்டெஸ்ட் என்ற கருவி அதே வேலையைச் செய்கிறது. அறுந்துபோன இணைப்புகளைக் கண்டறிய ஸ்ஃபின்க்ஸிலேயே லிங்க்செக் என்ற வசதி இருக்கிறது. ஆனால் எங்களுக்கு நேர்ந்ததைப் போன்ற தவற்றை இவை எதுவும் பிடித்திருக்காது: கட்டளை பிழையின்றி ஓடியது, அதன் விளைவு மட்டுமே மாறியிருந்தது. அத்தகைய மாற்றத்தை அறிந்தவர் அந்த நிரலை எழுதியவர் ஒருவரே. ஆகையால் ஆவணம் மூலநிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்பதிலும், நடத்தையை மாற்றும் எந்தத் திருத்தமும் ஆவணத் திருத்தம் இல்லாமல் இணைக்கப்படக் கூடாது என்பதிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. புதிய வசதி எதுவானாலும் சோதனையும் ஆவணமும் உடன் வர வேண்டும் என்பது வலைத்தளங்களைக் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருள் திட்டத்தின் விதி. அதன் ஆவணங்கள் பெற்றிருக்கும் நற்பெயருக்கு இதுவே முதற்காரணம் என்பது என் கணிப்பு.

எல்லாப் பக்கங்களும் ஒரே வேகத்தில் பழையதாவதில்லை. பயிற்சிப் பாடம், செய்முறை வழிகாட்டி, குறிப்புதவி, விளக்கம் என்று ஆவண வல்லுநர் டேனியலே ப்ரோச்சிதா வகுத்த நான்கு வகைகளையும் தனித்தனிப் பக்கங்களாக வைத்திருந்தால், எதை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். வடிவமைப்பின் காரணத்தைச் சொல்லும் விளக்கம் பல ஆண்டுகள் நிற்கும். நிறுவும் படிகளோ அடுத்த வெளியீட்டிலேயே மாறக்கூடும். திரைப்பிடிப்புகள், அதாவது கணினித் திரையைப் படமெடுத்து ஒட்டும் படங்கள், எல்லாவற்றுக்கும் முன்பே பழையதாகிவிடும் என்பதால் அவற்றை இயன்றவரை தவிர்க்கிறேன்.

ஆவணங்களைத் தமிழாக்க முன்வரும் தன்னார்வலர்களிடமும் இதைச் சொல்ல விரும்புகிறேன். மூலப் பக்கத்தை நகலெடுத்துத் தனிக் கோப்பாக மொழிபெயர்த்தால், மூலம் மாறியது தெரியாமலேயே தமிழ்ப் பக்கம் பழைய வழியைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஸ்ஃபின்க்ஸ் ஆதரிக்கும் கெட்டெக்ஸ்ட் முறையில் மொழிபெயர்ப்பு பத்தி பத்தியாகச் சேமிக்கப்படுகிறது. மூலப் பத்தி திருத்தப்பட்டால் அதன் தமிழாக்கம் ஐயத்துக்குரியது என்று குறிக்கப்பட்டு, எவரேனும் சரிபார்க்கும் வரை தளத்தில் ஆங்கிலப் பத்தியே தோன்றும். பக்கத்தின் நடுவே ஆங்கிலம் தலைகாட்டுவது கண்ணை உறுத்தும் என்று சிலர் அந்த அமைப்பை மாற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள், தரவை அழிக்கக்கூடிய கட்டளை அந்தப் பத்தியில்தான் இருக்கலாம்.