டான்ஸ் பேட் வாங்கும் முன் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்

எங்கள் கடை பழைய வண்ணாரப்பேட்டையில். ரிமோட், கீபோர்டு, ஜாய்ஸ்டிக், கேம் கண்ட்ரோலர் என்று பட்டன் வைத்த எதுவும் சர்வீசுக்கு வரும். சில வருஷமாக, காலால் மிதித்து கேம் ஆடுகிற டான்ஸ் பேடும் வருகிறது, பெரும்பாலும் ஜூன் மாதத்தில். கோடை லீவு தொடங்கும்போது வாங்கி, மே முழுக்க அண்ணன் தம்பி பக்கத்து வீடு எல்லாம் சேர்ந்து மிதித்து, பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் "அண்ணே, டவுன் ஆரோ மட்டும் ஒர்க் ஆவல, கொஞ்சம் பாருங்களேன்" என்று நாலாக மடித்துத் துணிப்பையில் போட்டு எடுத்துவருவார்கள். நாலாக மடித்து என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அப்புறம் வருகிறேன். இப்படி வருகிறவற்றில் பாதிக்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், ஆனால் அந்தப் பையன்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாங்குவதற்கு முன்பே இதெல்லாம் தெரிந்திருந்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

ஆட்டம் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக இரண்டு வரி. 1998இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்ற ஆர்கேட் மெஷினை, அதாவது கேம் சென்டரில் காசு போட்டு ஆடுகிற மெஷினைக் கொண்டுவந்தது. திரையில் அம்புகள் மேலே ஏறும், பாட்டின் தாளத்தில் அதே அம்பைக் காலால் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு கட்டங்கள். அடுத்த வருஷமே கொரியாவின் ஆண்டமிரோ நிறுவனம் 'பம்ப் இட் அப்' கொண்டுவந்தது, அதில் நான்கு மூலைகளும் நடுக்கட்டமும் ஆக ஐந்து. வீட்டில் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டெப்மேனியா என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில்தான் ஆடுகிறார்கள். நமக்குப் பிடித்த பாட்டைப் போட்டு அதற்கு ஸ்டெப்பும் நாமே எழுதிக்கொள்ளலாம் என்பதால் நம்ம ஏரியா பசங்க கானாவுக்கும் குத்துக்கும் எழுதி வைத்து ஆடுகிறார்கள், பார்க்கவே ரகளையாக இருக்கும். எந்த ஆட்டம் ஆடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் பேட் வாங்காதீர்கள். நாலு கட்டப் பேடில் ஐந்து கட்ட ஆட்டம் ஆட முடியாது.

அப்புறம் குழந்தைகளுக்கான 'மியூசிக் மேட்'. அதிலேயே ஸ்பீக்கர், அதிலேயே பாட்டு, பேட்டரி போட்டால் ஓடும், கலர் கலராக லைட் எரியும். நாலு வயசுக் குழந்தைக்கு நல்ல பொம்மை. ஆனால் அதில் யூஎஸ்பி கிடையாது, கம்ப்யூட்டரோடும் பிளேஸ்டேஷனோடும் அது பேசாது. ஆன்லைனில் 'டான்ஸ் மேட்' என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இதுதான், படத்தில் அம்பு இருக்கிறது என்று வாங்கிவிட்டு "இதுல யூஎஸ்பி வயர் போட்டுக் குடுங்கண்ணே" என்று வருகிறார்கள்.

சரி, நிஜமான பேடுக்கு வருவோம். மலிவாகக் கிடைக்கிற மெத்து மேட்டை வெட்டிப் பிரித்தால் உள்ளே இருப்பது இவ்வளவுதான்: மேலே படம் அச்சடித்த ரெக்சின், அதன் கீழே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதற்குக் கீழே வரிசையாகத் துளை போட்ட ஸ்பாஞ்ச், அதற்கும் கீழே இன்னொரு பிளாஸ்டிக் தாள். இரண்டு தாள்களிலும் கருப்பு மை பூசியிருக்கும். அது கார்பன் மை, கரண்டைக் கடத்தும். நீங்கள் மிதிக்கும்போது மேல் தாள் ஸ்பாஞ்ச் துளை வழியாக இறங்கிக் கீழ்த் தாளைத் தொடும். தொட்டால் 'அழுத்தினான்' என்று அர்த்தம். காலை எடுத்தால் ஸ்பாஞ்ச் தூக்கிவிடும்.

இது கெடுவதற்கு மூன்று வழிகள். முதலாவது, ஸ்பாஞ்ச் அமுங்கிப் போவது. ஒரே இடத்தில் குதித்துக் குதித்து அது எழுந்து நிற்கிற சக்தியை இழந்துவிடும், அப்போது காலை எடுத்த பிறகும் அம்பு அழுத்தியபடியே நிற்கும். இரண்டாவது, கார்பன் தேய்வது. போன மாதம் ஒரு மேட்டை மேஜையில் பிரித்துப் போட்டு விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், துளை இருக்கிற இடங்களில் மட்டும் வட்ட வட்டமாகக் கருப்பு போய் பிளாஸ்டிக் பளபளவென்று தெரிந்தது. மீட்டர் முனையை அந்த வட்டத்தில் வைத்தால் ஒன்றுமில்லை, ஒரு நூல் தள்ளி வைத்தால் கரண்ட் போகிறது. மூன்றாவதுதான் நாலாக மடிப்பது. மடித்த ரூபாய் நோட்டில் கோடு விழுகிற மாதிரி அந்த மையிலும் கோடு விழும். அந்தக் கோடு கரண்ட் போகிற பாதையைக் குறுக்கே வெட்டிவிட்டால் அந்த அம்பு காலி. கண்ட்ரோல் பெட்டி மேட்டின் மேல் ஓரத்தில் இருப்பதால் கீழ் அம்புக்குப் போகிற பாதைதான் நீளம், மடிப்பைத் தாண்டித்தான் அது போயாக வேண்டும். டவுன் ஆரோ மட்டும் செத்துப்போகிற ரகசியம் இதுதான். அதில் ஈயம் பற்றவைக்கலாமே என்று கேட்பார்கள். கார்பன் மையில் ஈயம் ஒட்டாது, சூட்டில் பிளாஸ்டிக் தாளே சுருங்கிவிடும். வெள்ளி கலந்த மையால் ஒட்டுப்போடலாம், ஆனால் மறுபடி மடங்குகிற இடத்தில் அது எத்தனை நாள் நிற்கும்?

அதனால் மெத்து மேட்தான் பட்ஜெட் என்றால் ஒன்று செய்யுங்கள். ஒரு மூன்று இஞ்ச் பிவிசி பைப் துண்டு வாங்கி அதில் சுருட்டி வையுங்கள், மடிக்கவே மடிக்காதீர்கள். ஆடும்போது ஒரு பிளைவுட் பலகையில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டு விறைப்பாக ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. மொசைக் தரையிலும் டைல்ஸிலும் வெறும் மேட் நகர்ந்துகொண்டே போகும், நடுவில் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கத்தின் மேல் குதிக்கும்போது மேட்டும் கிழியும் கணுக்காலும் பிசகும். பாயின் மேலோ கார்ப்பெட் மேலோ போடுவதும் வேண்டாம், அடியில் மெத்தென்று இருந்தால் தாள் இரண்டும் ஒழுங்காகத் தொடாது, அம்பு விழவில்லையே என்று நீங்கள் இன்னும் ஓங்கி மிதிப்பீர்கள். ஒரு இஞ்ச் கெட்டி ஃபோம் உள்ளே வைத்த மேட்டும் கிடைக்கிறது. அது நகராது, மடிக்கவும் முடியாது, ஆகவே கூடுதல் நாள் உழைக்கும். ஆனால் அதன் உள்ளே இருப்பதும் இதே கார்பன் தாள்தான், தேய்மானம் தேய்மானம்தான்.

இன்னொரு விஷயம், இது பேட் கெட்டுப்போனதே இல்லாமல் சர்வீசுக்கு வருகிற கேஸ். இடது வலது இரண்டையும் சேர்த்து மிதித்தால் எதுவுமே விழவில்லை என்பார்கள். பேடில் கோளாறு இருக்காது. கேம்பேடில் இருக்கிற திசைப் பட்டன் ஒரே நேரத்தில் இடதும் வலதும் போக முடியாது இல்லையா, மலிவான யூஎஸ்பி சர்க்யூட்டும் பழைய பிளேஸ்டேஷன் பேடைக் கம்ப்யூட்டரில் மாட்டுகிற சில அடாப்டர்களும் அம்புகளை அதே கணக்கில் திசையாக அனுப்புகின்றன. இடது ஒன்று குறைவு, வலது ஒன்று கூட, இரண்டும் சேர்ந்தால் பூஜ்யம். டான்ஸ் ஆட்டத்திலோ இரண்டு காலும் சேர்ந்து விழுகிற குதிப்புதான் பாதி ஆட்டம். நான்கு அம்பும் நான்கு தனிப் பட்டனாகப் பதிவாக வேண்டும். கடையிலேயே லேப்டாப்பில் மாட்டி, விண்டோஸின் கேம் கண்ட்ரோலர் சோதனைப் பக்கத்தைத் திறந்து, இரண்டு எதிரெதிர் அம்புகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். இரண்டு விளக்கும் எரிந்தால் வாங்கலாம். ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றைக்கே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், திருப்பி அனுப்புகிற கெடு முடிந்த பிறகு என்னிடம் வந்து பயனில்லை.

தினமும் ஆடுகிறவர், வேர்க்க விறுவிறுக்க ஒரு மணி நேரம் ஆடுகிறவர் என்றால் கெட்டிப் பேடுதான் சரி. இங்கேதான் தலைப்பில் சொன்ன விஷயம். மேலே பளபளவென்று இரும்புத் தகடும் அம்புப் படமும் இருக்கும், அதை விடுங்கள், கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஸ்க்ரூ இருக்கிறதா, ரிவெட் அடித்து மூடியிருக்கிறதா? ஸ்க்ரூ இருந்தால் ஒரு கட்டத்தை மட்டும் கழற்றி சென்சாரை மாற்றலாம். ரிவெட் என்றால் ஒரு கட்டம் போனாலும் மொத்தப் பேடும் போனது மாதிரிதான். என்னைக் கேட்டால் விலை, பிராண்ட் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் பார்ப்பேன். கேபிள் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வயர் போகிற வேகத்தில் வேறெதுவும் போகாது.

உள்ளே சென்சார் இரண்டு வகை. உலோகம் உலோகத்தைத் தொடுவது ஒன்று. எளிது, மலிவு, வீட்டிலேயே ரிப்பேர் செய்யலாம், ஆனால் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடலைப் பார்த்த வீட்டில் உப்புக்காற்று செம்பை விடாது, பச்சை பூத்துவிடும். அவ்வப்போது திறந்து ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டியிருக்கும். இன்னொன்று எஃப்எஸ்ஆர், அதாவது அழுத்தம் கூடக் கூட மின்தடை குறைகிற மெல்லிய சென்சார். இதில் எவ்வளவு எடை விழுந்தால் மிதித்ததாகக் கணக்கு என்று கம்ப்யூட்டரிலேயே எண்ணை மாற்றிக்கொள்ளலாம், எட்டு வயசுப் பெண்ணும் அவள் அப்பாவும் ஒரே பேடில் ஆடுகிற வீட்டுக்கு இது வரப்பிரசாதம். 'ஸ்டெப்மேனியாஎக்ஸ்' என்ற ஆர்கேட் ஆட்டத்தின் புதிய மேடைகளில் இருப்பது இந்த வகை. போலந்தின் எல்-டெக் போன்ற வீட்டுக் கெட்டிப் பேடுகளும் இருக்கின்றன, ஆனால் இங்கே வரவழைத்தால் எடைக்கேற்ற அனுப்புக்கூலியும் சுங்க வரியும் தனி, அதைக் கேட்டுக்கொண்டு ஆர்டர் போடுங்கள்.

கட்டத்தின் மேல்பலகை அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டா என்று கேளுங்கள். பார்க்க இரண்டும் ஒன்றுதான். அக்ரிலிக் ஸ்க்ரூ துளையிலிருந்து விரிசல் விடும், பாலிகார்பனேட் கீறல் விழுந்தாலும் லேசில் உடையாது.

கையில் வேலை தெரிந்தவர்கள் தாங்களே செய்துகொள்கிறார்கள், எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆர்கேட் மெஷினில் ஒரு கட்டம் ஏறக்குறைய 28 செ.மீ. சதுரம், மூன்றுக்கு மூன்று போட்டால் மூன்றடிக்குள் அடங்கிவிடும். அடிப்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட், அதில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள், அது மரைன் கிரேடு. மழைக்காலத்தில் வாசல்வரை தண்ணீர் நிற்கிற வியாசர்பாடித் தெருக்களில் சாதா பிளைவுட் உப்பிப் போவதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்த அம்பு மிதிபட்டது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சர்க்யூட் போர்டுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போனால் ஆர்டுயினோ லியனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ கேளுங்கள். ஊனோ வாங்கிவிடாதீர்கள், லியனார்டோவில் இருக்கிற சிப் நேரடியாகக் கீபோர்டு மாதிரியும் ஜாய்ஸ்டிக் மாதிரியும் கம்ப்யூட்டருக்குத் தெரியும், வழக்கமாகக் கிடைக்கிற ஊனோ ஆர்3 அப்படித் தெரியாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்பார்கள், விலையில் வித்தியாசம் பார்த்து ஊனோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய.

ஹவுசிங் போர்டு மாடியில் இருப்பவர்கள் கீழ் வீட்டு அக்காவிடம் சண்டை வாங்காமல் ஆட, தரையில் ரப்பர் மாதிரி இருக்கிற ஈவா மேட், அதன் மேல் பிளைவுட், அதன் மேல் பேட் என்று அடுக்குங்கள். ஈவா மேல் நேரடியாகப் பேடை வைத்தால் அது நிலையாக நிற்காமல் ஆடும். மெத்து மேட்டில் ஷூ போட்டு ஏறாதீர்கள், கெட்டிப் பேடில் வெறுங்காலோடு நெடுநேரம் குதிக்காதீர்கள், குதிகால் வலி நிச்சயம்.

பேட் எல்லாம் சரியாக இருந்தும் அடி தள்ளித் தள்ளி விழுகிறது என்றால் ஸ்பீக்கரைப் பாருங்கள். ஸ்டெப்மேனியாவின் வழக்கமான அமைப்பில் உச்ச மதிப்பெண்ணுக்குத் தாளத்துக்கு முன்னும் பின்னும் 22.5 மில்லி செகண்ட்தான் இடம், அதற்கடுத்த மதிப்பெண்ணுக்கு 45. புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு 100 மில்லி செகண்டுக்கும் மேல் தாமதமாக வருவது சர்வ சாதாரணம். வயர் ஸ்பீக்கர் போடுங்கள், டிவியில் கேம் மோடை ஆன் செய்யுங்கள், மிச்சத்தை ஸ்டெப்மேனியாவிலேயே ஆஃப்செட் வைத்து, அதாவது தாமதமாகிற அளவுக்கு நேரத்தைத் தள்ளி வைத்துச் சரிக்கட்டலாம். இதற்காகப் பேடை மாற்றிவிட்டு வந்தவர்கள் உண்டு.

செகண்ட் ஹேண்டில் எடுப்பதாக இருந்தால், மெத்து மேட்டைத் தொடவே வேண்டாம், உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கெட்டிப் பேடை எடுக்கலாம். விற்கிறவர் முன்னாலேயே ஒரு கட்டத்தைக் கழற்றிப் பாருங்கள், கழற்ற விடமாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். நாலு மூலையிலும் ஒவ்வொன்றாகக் காலை வைத்து எல்லா மூலையிலும் விழுகிறதா, நடுத்தகடு பள்ளம் விழுந்திருக்கிறதா, யூஎஸ்பி வயரை அசைக்கும்போது துண்டிக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பேரம் பேசுங்கள். வயர் மட்டும்தான் பிரச்சினை என்றால் தாராளமாகக் குறைத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அது கடையில் உட்கார்ந்த இடத்தில் மாற்றித் தரக்கூடிய வேலை.