சீழின் நிறம்

காசிமேட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கிற என் அத்தைக்குப் போன மழைக்காலத்தில் கெளுத்தி முள் குத்தி விரல் வீங்கிவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய நாலு மாத்திரைக்கு வலி அடங்கவில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கீறிச் சீழை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெதிசிலின் என்ற மருந்துக்கு அடங்காத கிருமி, என்று வந்தது.

"மாத்திரை ஏன் கேக்கல கண்ணு?" என்றார் அத்தை. பி.எச்டி. முடித்த பிறகு நான் இந்தக் கிருமியோடுதான் நாளைக் கழிக்கிறேன். ஆகவே உட்கார்ந்து சொன்னேன்.

கிருமியின் பெயர் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பத்துப் பேரில் மூன்று பேரின் மூக்கில் சும்மா குடியிருக்கும். தோல் கிழிந்தால் உள்ளே இறங்கும். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சைக்குப் பக்கத்தில் கரைந்துபோனது ஸ்டஃபைலோகாக்கஸ்தான். பெனிசிலின் கிடைத்தது அதனால்தான்.

பாக்டீரியா வளர வளரத் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பெனிசிலினும் அதன் உறவுக்கார மருந்துகளும் அந்தச் சுவரைக் கட்டும் நொதியின் கையைப் பிடித்துக்கொள்ளும். கொத்தனார் கை கட்டுப்பட்டதும் சுவர் பலவீனமாகி, கிருமி வெடித்துச் சாகும். எம்.ஆர்.எஸ்.ஏ. இன்னொரு கொத்தனாரைக் கூட்டி வந்துவிட்டது. மருந்தால் அவர் கையைச் சரியாகப் பிடிக்க முடிவதில்லை. பெனிசிலினின் உறவுக்கார மருந்தான மெதிசிலின் புழக்கத்துக்கு வந்த சூட்டிலேயே, 1961-இல், பிரிட்டனில் இதைக் கண்டுவிட்டார்கள்.

மருந்து தோற்றால் உடம்பும் தோற்றது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கொத்தனாரை மாற்றியது மருந்துக்கு எதிரான வேலை. வெள்ளணுக்களோடு நடக்கும் சண்டை வேறு.

அத்தை விரலிலிருந்து வந்த சீழில் பெரும்பகுதி செத்துப்போன நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. அவை கிருமியை விழுங்கி, உள்ளே ஒரு பைக்குள் பூட்டி, ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடையும் அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் செய்து அதன்மேல் கொட்டுகின்றன. மழை விட்டதும் தெருவில் தூவுகிறார்களே பிளீச்சிங் பவுடர், அது தண்ணீரில் கரைந்தால் வருவதும் இந்த அமிலம்தான். அமிலத்தைச் செய்யும் நொதியின் நிறம் பச்சை; சீழில் பச்சை தெரிவது அதனால். பிறவியிலேயே இந்த ஆக்சிஜன் ஆயுதம் இல்லாத குழந்தைகள் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் அவர்களைத் திரும்பத் திரும்பத் தாக்குகிறது.

ஆனால் இந்தக் கிருமி வெறுங்கையோடு வருவதில்லை. வெள்ளணுவில் ஓட்டை போடும் நஞ்சு வைத்திருக்கிறது. கிருமியை அடையாளம் காட்ட நம் உடம்பு செய்யும் புரதமான ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தன்மேல் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளணு பிடிக்க வேண்டிய வால் அதற்குக் கிடைப்பதில்லை. எனக்கு மிகவும் வியப்பூட்டுவது அதன் தங்க நிறம். ஆரியஸ் என்றாலே லத்தீனில் பொன்னிறம். கேரட்டுக்கு நிறம் தரும் பொருளின் உறவான அந்த நிறமி, வெள்ளணு கொட்டும் ஆக்சிஜன் தாக்குதலைத் தானே வாங்கிக்கொண்டு கிருமியைக் காக்கிறது.

இதைச் சோதிப்பது எளிது, பொறுமைதான் வேண்டும். ஒருவரிடம் ரத்தம் வாங்கி நியூட்ரோஃபில்களைப் பிரித்து, ஒரு குழாயில் தங்க நிறக் கிருமியையும் இன்னொன்றில் நிறமி மரபணுவை எடுத்துவிட்ட வெள்ளைக் கிருமியையும் சேர்க்கிறோம். ஒரு மணி நேரம் கழித்து, கிருமி வளர்க்கும் கூழான அகார் ஊற்றிய தட்டில் பூசி, மறுநாள் முளைத்த புள்ளிகளை எண்ணுகிறோம். வெள்ளைப் புள்ளிகள் குறைவாக இருக்கும்.

2008-இல் இன்னொரு படி ஏறினார்கள். நிறமியைச் செய்யும் நொதி, நம் உடம்பில் கொலஸ்ட்ரால் செய்யும் ஒரு நொதியின் சாயலில் இருக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்க உருவாக்கிய ஒரு வேதிப்பொருளைக் கொடுத்ததும் கிருமி வெளுத்தது. எலிகளின் உடம்பில் கிருமி எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. மனிதர்களுக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை. ஆனாலும் இந்த வழியில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

அத்தை கட்டுப்போட்ட விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ வெளுத்துட்டா அது செத்துருமா?"

"அதனால மட்டும் சாவாது அத்தே. தட்டுல விட்டா நல்லாவே வளரும். உன் ரத்தத்துக்குள்ள வந்தாதான் மாட்டும்."